கொழும்புக்கு பஸ் உண்டு, கோப்பாய்க்கு?

இரவு எட்டு மணிக்கு யாழ்ப்பாண நகரில் நின்று பாருங்கள். கொழும்புக்கு ஏசி பஸ்கள் வெளிக்கிடும். 400 கிலோமீற்றர்த் தூரம். இருக்கை இலக்கத்தைப் போனிலேயே பதியலாம். 35 கிலோமீற்றருக்குள் இருக்கிற பருத்தித்துறைக்கு என்ன வரும் என்று கேட்டால், "ஓட்டோவைப் பிடியுங்கோ" என்பார்கள்.

பகலிலும் நிம்மதியில்லை. தனியார் மினிபஸ் ஆள் சேரும்வரை ஊரும். பின்னால் இ.போ.ச.வின் சிவப்பு பஸ் தலை காட்டினால் பறக்கும். கலெக்‌ஷனை நம்பித்தான் சாரதியும் நடத்துநரும் வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டும் என்றால் வேறென்ன நடக்கும்? குறிகட்டுவான் பஸ் பிந்தினால் நெடுந்தீவுப் படகு போய்விடும். அன்றைய பயணமே பாழ்.

ரயிலும் கை கொடுக்கவில்லை. நின்றுபோயிருந்த யாழ்தேவி ரயில் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை நீண்டது. கோண்டாவில், சுன்னாகம், மல்லாகம் என்று ஊர்களுக்கு நடுவாலேயே தண்டவாளம் போகிறது. ஆனால் ரயில்களின் நேரம் பெரும்பாலும் கொழும்புப் பயணத்துக்கு வகுத்தது. கந்தோர் விடுவதும் கடை பூட்டுவதும் அதில் கணக்கில்லை.

இதில் அதிகம் இழப்பவர்கள் புடவைக்கடையிலும் பாமசியிலும் வேலை செய்கிற பெண்பிள்ளைகள். கடை பூட்ட முன்னமே கடைசி பஸ் போய்விடும். முதலாளியிடம் கெஞ்சி வெள்ளன வெளிக்கிட்டால் ஓவர்டைம் போச்சு. நின்றால் அப்பாவோ அண்ணனோ மோட்டார் சைக்கிளில் வரவேண்டும். அதற்கும் ஆளில்லாதவள் லீசிங்கில் ஸ்கூட்டி எடுக்கிறாள்; சம்பளத்தில் பெரும்பங்கு தவணைக்கே சரி. "பொழுதுபட்டால் எப்படி வருவாய்?" என்ற ஒரு கேள்வியோடு வேலையையே விட்டவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இரவில் ஓடினால் டீசல் காசும் தேறாது என்கிறார்கள் பஸ்காரர். பொய்யில்லை. ஆனால் வருமென்ற நிச்சயமில்லாத பஸ்ஸுக்கு யார் காத்து நிற்பார்கள்?

இ.போ.ச.வுக்கும் தனியாருக்கும் இணைந்த நேர அட்டவணை பற்றிய பேச்சு வருடக்கணக்காக இழுபடுகிறது. யாருக்கு எத்தனை ஓட்டம் என்பதிலேயே அது முட்டி நிற்கிறது. கடைசி பஸ்ஸை யார் ஓடுவது என்பதை முதலில் தீருங்கள். ஒவ்வொரு பிரதான வீதியிலும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு பஸ். இரு தரப்பும் முறை வைத்து ஓடட்டும். நேரத்தைத் தரிப்பிடத்தில் எழுதி ஒட்டட்டும். நட்டம் வந்தால் பொதுப் பணம் ஈடுசெய்யட்டும். அந்த நட்டம் இப்போதும் இருக்கிறது. லீசிங் தவணையாக அதைத் தனியே கட்டிக்கொண்டிருப்பவள் அந்தப் பிள்ளை.