படகில் ஒரு வெற்றிடக் கழிப்பறை

வீட்டுக் கழிப்பறையில் வேலையைச் செய்வது புவியீர்ப்பு விசை. மேலே உள்ள தொட்டியிலிருந்து ஆறு முதல் பத்து லிட்டர் வரை தண்ணீர் பாய்கிறது. சரிவாக அமைந்த அகலமான குழாய் வழியே கழிவு இறங்கிவிடுகிறது. சிறு படகில் இந்த ஏற்பாடு எடுபடாது. படகு சாய்ந்தாடுவதால் நிலையான சரிவு என்பதே கிடையாது. கழிப்பறையும் பெரும்பாலும் கடல்மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். தண்ணீரும் அளவோடுதான் உண்டு. நான்கு பேர் ஆளுக்கு ஐந்து முறை பயன்படுத்துவதாகவும், முறைக்கு 8 லிட்டர் செலவாவதாகவும் கொள்வோம். நாள் ஒன்றுக்கு 160 லிட்டர் ஆகிறது. இவ்வளவு நன்னீருக்கும், பிறகு அதே அளவு கழிவுக்கும் படகில் இடம் ஏது?

இதற்கு விடையாக வந்ததே வெற்றிடக் கழிப்பறை. சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஜோயல் லில்யெண்டால் 1950-களில் இதனை உருவாக்கினார். பின்னர் இது கப்பல்களிலும் ரயில்களிலும் விமானங்களிலும் இடம்பெற்றது. உல்லாசப் படகுகளில் பொருத்தப்படும் சிறு வகைக்கு ஒரு முறைக்கு அரை லிட்டர் தண்ணீர் போதும். மேலே கண்ட 160 லிட்டர் 10 லிட்டராகக் குறைந்துவிடுகிறது.

உறிஞ்சுவது யார்?

‘வெற்றிடம் கழிவை உறிஞ்சுகிறது’ என்று சொல்வது வழக்கம். உண்மையில் வெற்றிடத்திற்கு இழுக்கும் ஆற்றல் இல்லை. இளநீரை உறிஞ்சுகுழல் வைத்துக் குடிக்கும்போது, வாயினுள் அழுத்தம் குறைகிறது. இளநீரின் மேற்பரப்பை அழுத்தும் வெளிக்காற்று அதனைக் குழலினுள் தள்ளுகிறது. இங்கு நடப்பதும் அதுவே.

கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். படகிலுள்ள பம்பு, குழாயினுள் இதனை ஏறத்தாழ 250 மில்லிமீட்டர், அதாவது 10 அங்குலப் பாதரச அளவு குறைக்கிறது. காற்றில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வெளியேற்றுகிறோம்; முழு வெற்றிடம் அன்று. ஆனாலும் 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயின் வாயில் ஏற்படும் விசை சுமார் 4 கிலோகிராம் எடைக்குச் சமம். 250 மில்லிமீட்டர் பாதரசம் 3.4 மீட்டர் உயர நீர்த்தம்பத்திற்கு ஈடாகும். ஆகவே கழிவு குறுகலான குழாயிலும், ஓரளவு மேல்நோக்கியும் செல்ல முடிகிறது.

உறுப்புகள் ஐந்து: கோப்பை, குழாய், வெற்றிடக் கலம், பம்பு, தேக்கத் தொட்டி. கோப்பையின் அடியில் ரப்பர் வளையத்தோடு பொருந்திய அரைக்கோளக் கதவு உண்டு. மிதியை அழுத்தினால் கதவு திறக்கிறது. வெளிக்காற்று கழிவையும் நீரையும் குழாய்க்குள் தள்ளுகிறது. மிதியை விட்டதும் கதவு மூடிக்கொள்கிறது. கலத்தில் வெற்றிடம் குறைந்ததை அழுத்தச் சுவிட்ச் உணர்ந்து பம்பை ஓட்டுகிறது. ஓரிரு நிமிடங்களில் பழைய நிலை திரும்பியதும் பம்பு தானே நின்றுவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத கசிவு

தண்ணீர்க் குழாயில் விரிசல் கண்டால் நீர் வெளியே சொட்டும். வெற்றிடக் குழாயில் விரிசல் கண்டால் வெளிக்காற்று உள்ளே புகும். தரை நனைவதில்லை. இது ஒரு நன்மைதான். ஆனால் பழுது மறைந்தே இருக்கும். அதனைக் காட்டிக்கொடுப்பது பம்பின் ஓசை ஒன்றே. எவரும் கழிப்பறைக்குச் செல்லாத நேரத்தில் பம்பு தானாக ஓடினால், எங்கோ காற்று புகுகிறது என்று பொருள்.

எவ்வளவு காற்று? வெற்றிடப் பகுதியின் கொள்ளளவு 30 லிட்டர் என்றும், வெற்றிடம் 250-லிருந்து 200 மில்லிமீட்டராகக் குறைந்ததும் பம்பு ஓடத் தொடங்கும் என்றும் கொள்வோம். பாயில் விதிப்படி உள்ளே புகுந்த காற்று 30 × 50 ÷ 760, ஏறத்தாழ 2 லிட்டர். மூன்று மணி நேரத்திற்கு ஒரு முறை பம்பு ஓடினால் கசிவு நிமிடத்திற்கு 11 கன சென்டிமீட்டர்; இதனைப் பொறுத்துக்கொள்ளலாம். பத்து நிமிடத்திற்கு ஒரு முறை ஓடினால் கசிவு 200 கன சென்டிமீட்டர்!

இதனை அலட்சியம் செய்வது ஆபத்து. 5 ஆம்பியர் மின்னோட்டம் பெறும் பம்பு பத்து நிமிடத்திற்கு ஒரு நிமிடம் வீதம் ஓடினால், ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணி செலவாகும். 100 ஆம்பியர்-மணி பாட்டரி நான்கே நாளில் பாதி தீர்ந்துவிடும். எஞ்சினைக் கிளப்புவதும், இரவில் விளக்கெரிப்பதும், அடித்தளத்தில் சேரும் நீரை இறைப்பதும் அதே பாட்டரியாக இருந்தால், நடுக்கடலில் ஒரு ரப்பர் வளையத்தின் பழுது படகையே முடக்கிவிடலாம்.

பழுதைத் தேடும் முறை

முதலில் கோப்பையில் சிறிது நீர் விட்டுக் காத்திருக்க வேண்டும். நீர்மட்டம் இறங்கினால் குற்றவாளி கதவின் ரப்பர் வளையம். பெரும்பாலும் அதன் விளிம்பில் காகிதத் துணுக்கோ உப்புப் படிவோ ஒட்டியிருக்கும், துடைத்தால் சரியாகும். இல்லையேல் வளையத்தை மாற்ற வேண்டும். கோப்பையில் எப்போதும் சிறிது நீர் நிற்பது நல்லது. நீர் இருக்கும்வரை காற்று அவ்வழியே எளிதில் புக முடியாது.

நீர்மட்டம் இறங்கவில்லை எனில் அடுத்த சோதனை. மின்சாரத்தை நிறுத்தி, மிதியை அழுத்தி வெற்றிடத்தைப் போக்கிய பிறகு, வெற்றிடக் கலத்திற்கு வரும் குழாயைக் கழற்றிக் கலத்தின் வாயை ரப்பர் அடைப்பானால் மூட வேண்டும். மீண்டும் பம்பை ஓட்டி, அது நின்றபின் காத்திருக்க வேண்டும். மறுபடியும் தானாக ஓடினால் பழுது கலத்திலோ பம்பிலோ உள்ளது. ஓடாவிட்டால் கழற்றிய குழாயின் பக்கம் தேட வேண்டும்.

சைக்கிள் ட்யூபில் ஓட்டை தேடுவதுபோல் சோப்பு நுரை பூசினால் இங்கு குமிழி எழாது. காற்று வெளியே வராமல் உள்ளேயல்லவா போகிறது! இணைப்புகளின் அருகே காதை வைத்து ‘உஸ்’ ஓசையைக் கேட்க வேண்டும். ஐயமுள்ள இடத்தில் ஈரத்துணியைச் சுற்றினால், கசியும் இடமாயின் ஓசை அடங்கும். கவ்வி வளையத்தை இறுக்கினாலே பல கசிவுகள் தீரும்.

பம்பு கொல்லன் துருத்தி போன்றது. அதன் இருபுறமும் வாத்தின் அலகுபோல் தட்டையான வாயுள்ள ரப்பர் வால்வுகள் உள்ளன. இவை ஒரு திசையில் மட்டும் வழிவிடும். அலகின் இடுக்கில் துணுக்கு சிக்கினாலும், படிவு ஏறி ரப்பர் விறைத்தாலும் காற்று பின்னோக்கித் திரும்பும். இவற்றை மாற்றும்போது எல்லா வால்வுகளையும் ஒருசேர மாற்றுவதே சிக்கனம்.

பம்பு நிற்காமலே ஓடினால் அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். முள் 10 அங்குலத்தைத் தாண்டியும் பம்பு ஓடினால் கோளாறு சுவிட்சில். முள் ஏறவே இல்லையென்றால் பெருங்கசிவு, கிழிந்த துருத்தி, வலுவிழந்த பாட்டரி ஆகியவற்றுள் ஒன்று. பம்பைப் பிரிக்கும் முன் தேக்கத் தொட்டி நிறைந்துவிட்டதா, அதன் காற்றுப்போக்கிக் குழாய் அடைபட்டதா என்றும் பார்ப்பது அறிவுடைமை. முள் சரியாக நின்றும், மிதியை அழுத்தும்போது காற்றுப் பாயும் ஓசை கேட்காவிட்டால், கோப்பையின் வாயிலோ குழாயிலோ அடைப்பு உள்ளது. துணி, பஞ்சு, தடித்த காகிதம் ஆகியவற்றை ஒருபோதும் போடலாகாது.

பேணுதலும் எச்சரிக்கையும்

சிறுநீரிலுள்ள உப்புகள் காலப்போக்கில் குழாயின் உட்சுவரில் சுண்ணாம்புபோல் படியும். அவ்வப்போது வினிகரை ஊற்றி ஊறவிட்டால் படிவு இளகும். கடும் அமிலங்கள் ரப்பரையும் உலோகத்தையும் அரிக்கும். சலவைத் தூளையும் அமிலத்தையும் கலந்தால் நச்சுள்ள குளோரின் வாயு தோன்றும். ஆகவே இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தவே கூடாது.

தேக்கத் தொட்டியில் காற்றின்றி வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. கடல்நீரில் சல்பேட் மிகுதி. அதனைக் கழுவப் பயன்படுத்தினால் இவ்வாயு இன்னும் அதிகமாகும். அழுகிய முட்டை நாற்றமுள்ள இவ்வாயு செறிவு மிகும்போது மோப்ப உணர்வையே மழுங்கச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டதால் ஆபத்து நீங்கியது என்று எண்ணிவிடக் கூடாது. மூடிய அறையில் தொட்டியைத் திறப்பதற்குமுன் காற்றோட்டம் ஏற்படுத்த வேண்டும். துணைக்கு ஒருவர் வெளியே நிற்க வேண்டும். கையுறை அணிய வேண்டும்.

வீட்டில் செய்து பாருங்கள்

ஊசி பொருத்தாத, புதிய 10 மில்லிலிட்டர் மருந்துச் சிரிஞ்சு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உந்துதண்டை 2 மில்லிலிட்டர் கோட்டில் வைத்து, முனையை விரலால் இறுக மூடி, தண்டை 10 வரை இழுத்து விடுங்கள். தண்டு ஏறத்தாழ 2-க்கே திரும்பும். அடுத்த முறை தண்டை 10-இல் பிடித்திருக்கும்போது விரலைச் சற்றே தளர்த்தி, உடனே மூடி, தண்டை விடுங்கள். அது 2-க்கு வராமல் 4-லோ 5-லோ நின்றுவிடும். அந்த வேறுபாடே உள்ளே கசிந்த காற்றின் அளவு. படகில் பம்பின் ஓசையைக் கேட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பவர் அளப்பதும் இதனையே.