முதியோரின் மருந்துக்கு யார் பொறுப்பு?

வைத்தியர் மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டால் மருந்து கைக்கு வந்துவிட்டதென்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். சீட்டுக்கும் குளிசைக்கும் இடையே நெடுந்தூரம் இருக்கலாம் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. நடையும் நினைவும் தளர்ந்து, பிறர் பராமரிப்பில் வாழும் முதியோருக்கோ அத்தூரம் கடத்தற்கரியது. செல்வம் மலிந்த அமெரிக்க ஐக்கிய நாட்டில் அத்தூரத்தைக் குறைக்க அரசாங்கம் எடுத்த முயற்சியின் வரலாற்றை இங்கு சுருக்கமாகக் கூற விரும்புகிறோம்.

1965ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி, மிசூரி மாநிலத்து இன்டிபென்டென்ஸ் நகரில், முன்னாள் ஜனாதிபதி ட்ரூமன் அருகிருக்க, ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் ஒரு சட்டத்தில் ஒப்பமிட்டார். அச்சட்டத்திலிருந்து ஒத்த பெயருடைய இரு திட்டங்கள் பிறந்தன. மெடிக்கெயார் என்பது 65 வயது நிரம்பியோருக்கு மத்திய அரசாங்கம் வழங்கும் காப்புறுதி. மெடிக்கெயிட் என்பது வறியோருக்காக மத்திய அரசாங்கமும் மாநிலங்களும் செலவைப் பகிர்ந்து நடத்தும் உதவித் திட்டம்.

முதியோர் இல்லத்தில் நெடுங்காலம் வாழ்வோரின் செலவை மெடிக்கெயார் ஏற்பதில்லை. பொதுவாக, 3 நாட்களேனும் வைத்தியசாலையில் தங்கியவர் அதன்பின் தாதிமார் பராமரிப்பு நிலையத்துக்குச் சென்றால், 100 நாட்கள் வரையே அது கைகொடுக்கும். அந்நாட்களில் மருந்தும் அவ்வுதவியுள் அடங்கும். அதற்கப்பால் தேடிய பொருளைச் செலவிட்டுத் தீர்த்து, பின்னர் மெடிக்கெயிட்டை நாடுவதே பலருக்கு வாய்க்கும் வழி. அவ்வாறு நாடியவர் தமது வருமானத்தின் பெரும்பகுதியை இல்லத்துக்கே செலுத்துதல் வேண்டும். சொந்தத் தேவைக்கென அவர் கையில் விடவேண்டுமென மத்திய சட்டம் விதித்த ஆகக் குறைந்த தொகை மாதம் 30 டொலர். சில மாநிலங்கள் இதனினும் கூடுதலாக விடுகின்றன. இத்தகையவர் தம் பணத்தில் மருந்து வாங்குவது எங்ஙனம்?

வைத்தியசாலைக்கு வெளியே நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகளுக்கு மெடிக்கெயார் பெரும்பாலும் பணம் கொடுக்காதிருந்தது. வறிய முதியோர் அவற்றை மெடிக்கெயிட் மூலமே பெற்றனர். 2003 டிசம்பர் 8ஆம் திகதி ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் ஒப்பமிட்ட சட்டம் இக்குறையை நீக்க முற்பட்டது. அதன்படி ‘டி பகுதி’ எனப்படும் மருந்துக் காப்புறுதி 2006 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இதனை நடத்துவோர் தனியார் காப்புறுதிக் கம்பனியார். ஒவ்வொரு கம்பனியின் திட்டத்துக்கும் தனித்தனி மருந்துப் பட்டியல் உண்டு.

அன்றைய தினம், இரு திட்டங்களுக்கும் உரியவராயிருந்த ஏறக்குறைய 60 இலட்சம் பேரின் மருந்துப் பொறுப்பு மெடிக்கெயிட்டிலிருந்து புதிய காப்புறுதிக்கு மாற்றப்பட்டது. தாமே தெரிவு செய்யாதவர்கள், உட்கொள்ளும் மருந்து யாதென்று நோக்கப்படாமலே, சீட்டுக் குலுக்கினாற்போல ஏதோ ஒரு திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். தம் பிள்ளையின் பெயரையே மறந்துவிட்ட மூதாட்டி, பல திட்டங்களின் பட்டியல்களை ஒப்பிட்டுத் தெரிவு செய்வது எவ்வாறு? முதல் வாரங்களில் மருந்துக் கடைகளின் கணினிகளில் பலருடைய பெயர் காணப்படவில்லை. பல மாநிலங்கள் தம் சொந்த நிதியைக் கொண்டு அவசரமாக மருந்து வழங்க நேர்ந்தது. சுவாமி வரங்கொடுத்தாலும் பூசாரி இடங்கொடான் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது இதற்கும் பொருந்தும்.

எனினும் அச்சட்டத்தில் நல்ல காப்புகளும் உள்ளன. மெடிக்கெயிட் உதவியுடன் முதியோர் இல்லத்தில் வாழ்பவர், காப்புறுதியில் அடங்கிய மருந்துக்குத் தம் பங்காக எதுவும் செலுத்த வேண்டியதில்லை. பொருந்தாத திட்டத்தை விட்டு மாதந்தோறும் வேறொன்றுக்கு மாறலாம். புதிதாகச் சேர்ந்தவரின் மருந்து பட்டியலில் இல்லாவிடினும், முதல் 90 நாட்களுக்குள் இடைக்காலமாக ஒரு மாத மருந்து வழங்கப்பட வேண்டும். அதற்குள் வைத்தியர் காரணங்காட்டி விதிவிலக்குக் கோரலாம். வைத்தியரின் விளக்கம் கிடைத்ததும் 72 மணித்தியாலத்துள், அவசரமாயின் 24 மணித்தியாலத்துள், கம்பனி முடிவு கூறுதல் வேண்டும்.

விடுபட்ட மருந்துகளும் இருந்தன. மனக்கலக்கத்துக்கும் உறக்கமின்மைக்கும் முதியோர் பலர் உட்கொண்ட பென்சோடயசெபீன் வகை மருந்துகள் 2013ஆம் ஆண்டு வரை இக்காப்புறுதிக்குப் புறம்பாகவே இருந்தன. 2022ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு நன்மை செய்தது. தம் பணத்தில் பங்கு செலுத்துவோர், காப்புறுதியில் அடங்கிய மருந்துகளுக்கு 2025ஆம் ஆண்டில் 2,000 டொலருக்கு மேல் செலவிட வேண்டியதில்லை என்று அது வரையறுத்தது.

மாணவர்கள் இங்கு ஒன்றைக் கவனித்தல் நன்று. மேற்கூறிய உரிமைகளுட் பல, யாரேனும் கேட்டாலன்றிக் கிட்டுவதில்லை. திட்டத்தை மாற்றுவதற்கும் விதிவிலக்குக் கோருவதற்கும் ஒருவர் முன்வர வேண்டும். மகளோ, இல்லத்துத் தாதியோ, வைத்தியரோ அப்பணியைச் செய்தால் மருந்து வரும். ஒருவருமற்றவருக்கு? இதனை உணர்ந்தே அந்நாட்டில் மாநிலந்தோறும், இல்லவாசிகளின் முறைப்பாடுகளைக் கேட்டு அவர்களுக்காக வாதாடும் அலுவலர் நியமிக்கப்பட்டுள்ளனர்.

காப்புறுதித் திட்டம் ஒன்றை வகுப்போர், வரிசையில் நின்று உரத்துக் கேட்கவல்லவரை மனத்திற்கொண்டு வகுத்தல் எளிது. படுக்கையிற் கிடந்து, கேட்கவும் அறியாதிருப்பவருக்கு அந்தந்த வேளைக் குளிசை தவறாமற் போய்ச் சேருகின்றதா என்று பார்த்தே அத்திட்டத்தின் தரத்தை நாம் மதிப்பிடல் வேண்டும்.