உங்களுக்குத் தெரியுமா? கண்ணன் கோயில் யாத்திரை

யாத்திரை என்றதும் முதலில் ரயில் நேரத்தைப் பார்க்கிறோம். கண்ணன் எழும் நேரம், உண்ணும் நேரம், உறங்கும் நேரம் ஊருக்கு ஊர் வேறு. முதலில் அதைப் பாருங்கள், டிக்கெட் பிறகு எடுக்கலாம்.

● எட்டு முறை திறக்கும் கதவு: ராஜஸ்தானின் நாத்துவாராவில் ஸ்ரீநாத்ஜி ஏழு வயதுப் பாலகன். அவர் இருப்பிடத்தைக் கோயில் என்பதைவிட நந்தகோபர் வீடு என்றே கருதி ‘ஹவேலி’ என்கிறார்கள். மங்களா, சிருங்கார், க்வால், ராஜபோக், உத்தாபன், போக், சந்த்யா ஆரத்தி, சயன் என நாளுக்கு எட்டு தரிசனம். ஒவ்வொன்றும் கொஞ்ச நேரம்தான், பிறகு கதவு அடைத்துவிடும். ராஜபோகம் உண்டதும் பிள்ளை தூங்கப் போய்விடுவான். பிற்பகலில் உத்தாபனுக்குத்தான் மறுபடி எழுவான். உச்சிவெயிலில் உதய்ப்பூரிலிருந்து வந்து இறங்கினால் காத்திருக்க வேண்டியதுதான்.

● இடம் பெயர்ந்த மூர்த்திகள்: இந்த ஸ்ரீநாத்ஜி முதலில் இருந்தது கோவர்த்தன மலையில். ஔரங்கசீப் காலத்தில் மூர்த்தியைக் காக்க வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். சக்கரம் மண்ணில் புதைந்து நகர மறுத்த இடமே நாத்துவாரா என்பது மரபு. பிருந்தாவனத்தில் ராஜா மான்சிங் 1590-ல் எழுப்பிய செந்நிறக் கல் கோயிலின் கோவிந்த தேவர் இன்று ஜெய்ப்பூரில் இருக்கிறார். ஆகவே பிருந்தாவன யாத்திரைக்குத் திட்டமிடும்போது ராஜஸ்தானுக்கும் நாள் ஒதுக்குங்கள்.

● நொடிக்கொரு திரை: பிருந்தாவனத்தின் பாங்கே பிஹாரி சந்நிதியில் திரையை விலக்குவார்கள், சில கணங்களில் இழுத்து மூடுவார்கள், மறுபடி விலக்குவார்கள். இமைக்காமல் பார்த்தால் பக்தனோடு கூடவே போய்விடுவாராம் பெருமாள்! ஒருமுறை திரை விழுந்ததும் முடிந்தது என்று திரும்பிவிடாதீர்கள். இங்கே மணி அடிப்பதில்லை. அதிகாலை மங்கள ஆரத்தியும் ஆண்டுக்கு ஒரே நாள், ஜன்மாஷ்டமியன்றுதான்.

● பிருந்தாவனத்தில் ஆண்டாள்: அதே ஊரில் நம்மூர்க் கோபுரத்தோடும் தங்கத் தகடு போர்த்திய கொடிமரத்தோடும் நிற்கிறது ரங்கஜி மந்திர். 1851-ல் கட்டி முடித்தது. ஆண்டாளும் ரங்கமன்னாரும் இங்கே எழுந்தருளியிருக்கிறார்கள். ஆய்ப்பாடிப் பெண்ணாகத் தன்னைப் பாவித்து நோன்பு நோற்றவளுக்கு யமுனைக் கரையிலேயே ஓர் இடம்! ஹோலிக்குப் பின் வரும் பிரம்மோற்சவத்தில் தேரோட்டமும் உண்டு.

● ஒரே கண்ணன், இரண்டு பிறந்தநாள்: 2025-ல் மதுராவில் ஜன்மாஷ்டமி ஆகஸ்ட் 16. குருவாயூரில் அஷ்டமி ரோகிணி செப்டம்பர் 14. வடக்கே சந்திர மாதக் கணக்கு, கேரளத்திலும் உடுப்பியிலும் சூரிய மாதக் கணக்கு. சில ஆண்டுகளில் இரண்டும் ஒட்டி வரும், சில ஆண்டுகளில் ஒரு மாதம் தள்ளிப்போகும். நாள்காட்டியில் ‘கோகுலாஷ்டமி’ என்று பார்த்தவுடன் குருவாயூருக்கு அறை எடுத்துவிடாதீர்கள்.

● பதினைந்து நாள் ஓய்வு: பூரியில் ஜ்யேஷ்ட மாதப் பௌர்ணமியன்று வரும் ஸ்நான யாத்திரையில் ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூவருக்கும் 108 குடம் நீராட்டு. அதில் காய்ச்சல் கண்டு ரதயாத்திரை வரை சுமார் இரண்டு வாரம் தனிமையில் ஓய்வெடுக்கிறார்கள் என்பது ஐதீகம். அந்த நாட்களில் மூலவர் தரிசனம் கிடையாது. பக்தர்கள் பக்கத்திலுள்ள பிரம்மகிரிக்குப் போய் அலர்நாதரைச் சேவிப்பது வழக்கம்.

● உறங்காத விட்டலன்: பண்டரிபுரத்தில் இதற்கு நேர்மாறு. ஆஷாட ஏகாதசிக்கு முன் விட்டலனின் கட்டிலையே எடுத்துவிடுவார்கள். ‘வாரி’ எனும் பாதயாத்திரையில் நடந்து வரும் லட்சக்கணக்கானோருக்காக இரவு பகலாக நடை திறந்திருக்கும். பாதம் தொட்டு வணங்க ஒரு வரிசை, முகம் மட்டும் பார்க்க இன்னொரு வரிசை. பாதம் தொடும் வரிசை மிக நீளம். நின்று தொட்டுவிடுங்கள், அந்த பாக்கியம் எல்லாக் கோயிலிலும் கிடைக்காது.

● கடல்மேல் பாலம்: பேட் துவாரகைத் தீவுக்கு முன்பெல்லாம் ஓகாவிலிருந்து படகில்தான் போக வேண்டும். 2024 பிப்ரவரியில் சுதர்சன் சேது பாலம் திறந்தபின் வண்டியிலேயே போகலாம். நடைபாதையை கீதை சுலோகங்கள் அலங்கரிக்கின்றன. துவாரகாதீசர் கோயிலில் மதியம் நடை சாத்தினால் மாலைதான் திறக்கும். உச்சியில் பறக்கும் 52 கஜக் கொடியை ஒரே நாளில் பலமுறை மாற்றுவார்கள். அடியார் குடும்பங்கள் புதுக்கொடியை ஆடிப்பாடிக் கொண்டுவருவதை அவசியம் பாருங்கள்.

● ஒன்பது துளை வழியே: உடுப்பியில் மத்வர் பிரதிஷ்டை செய்த கண்ணனை ஒன்பது துளைகள் கொண்ட வெள்ளி ஜன்னல் வழியாகத்தான் சேவிக்க முடியும். கையில் மத்தும் கயிறுமாகச் சின்னஞ்சிறு உருவம். வெளிச்சுவரில் உள்ள ‘கனகன கிண்டி’ வழியே கனகதாசருக்குக் காட்சி தந்தான் என்பார்கள். இரட்டைப்படை ஆண்டுகளின் ஜனவரி 18-ல் பூஜைப் பொறுப்பு எட்டு மடங்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறும். அந்தப் பர்யாய விழாவில் ஊரே நிரம்பிவிடும்.

● மூன்று மணி நிர்மால்யம்: குருவாயூரில் அதிகாலை 3 மணிக்கே நிர்மால்ய தரிசனத்துக்கு நடை திறப்பு. ஆண்கள் வேட்டி கட்டி, மேல்சட்டை இல்லாமல் போக வேண்டும். பெண்கள் புடவையோ சுடிதாரோ அணியலாம். உதயாஸ்தமன பூஜை நாட்களில் நடை அடிக்கடி சாத்தப்படும். தேதி குறிக்கும் முன் கோயில் நிர்வாகமான தேவஸ்வத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

● பட்டியலில் யார் யார்? துவாரகை, வடமதுரை, ஆய்ப்பாடி மூன்றும் 108 திவ்விய தேசங்களில் உண்டு. குருவாயூர், உடுப்பி, பூரி, பண்டரிபுரம் அந்தப் பட்டியலில் இல்லை. 108-ஐ மட்டும் வைத்துத் திட்டம் போடுகிறவர்கள் இந்த நான்கையும் தனியே எழுதிக்கொள்ளுங்கள்.

● புறப்படும் முன்: மதுராவின் ஜன்மஸ்தானத்துக்குள் செல்போனும் பையும் கொண்டுபோக முடியாது. வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் வரிசையில் நிற்க வேண்டும். கோவர்த்தன கிரிவலம் 21 கிலோமீட்டர், அதற்கு முழுதாக ஒரு நாள் வேண்டும். வயதானவர்கள் உடன் வந்தால் ஏகாதசி, பௌர்ணமிக் கூட்டத்தைத் தவிருங்கள். ஊர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோயிலிலும் காலை ஒரு தரிசனம், மாலை ஒரு தரிசனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழும் கண்ணனையும் உறங்கப் போகும் கண்ணனையும் ஒரே நாளில் சேவிக்கலாம்.