பேபி கேரியர் வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க!



வளைகாப்பு முடிஞ்சதும் எல்லா வீட்லயும் ஒரு லிஸ்ட் ரெடியாகிடும். தொட்டில், கொசுவலை, ஸ்ட்ரோலர்னு போயிட்டிருந்த அந்த லிஸ்ட்ல இப்போ பேபி கேரியரும் சேர்ந்திருக்கு. ஆன்லைன்ல தேடினா ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்குது, பத்தாயிரத்துக்கும் கிடைக்குது. எதை எடுக்கறதுன்னு முழிக்கிறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல் கேள்வி: எப்போ வாங்கணும்?

நம்ம கொங்குப் பக்கம் முதல் பிரசவம் பெரும்பாலும் அம்மா வீட்லதான். அங்க அம்மச்சி, அப்பிச்சி, சித்தின்னு குழந்தையைத் தூக்க ஆள் இருக்கும். கேரியர் பெட்டியை விட்டே வெளிய வராது. அதோட உண்மையான தேவை மூணு, அஞ்சு மாசம் கழிச்சு சரவணம்பட்டியிலயோ பீளமேட்டுலயோ இருக்கிற அப்பார்ட்மெண்டுக்குத் திரும்பின பிறகுதான் ஆரம்பிக்கும். வீட்ல ரெண்டே பேர், ரெண்டு பேருக்கும் வேலை, குழந்தை கீழ விட்டா அழும். அதனால பிரசவத்துக்கு முன்னாடியே ஆஃபர்ல வாங்கி வைக்காதீங்க. அதுக்குள்ள ரிட்டர்ன் பண்ற நாளும் முடிஞ்சிருக்கும்.

ரெண்டாவது: ஒரு தடவைக்கு எவ்வளவு ஆகுது?

விலையை, எத்தனை தடவை கட்டுவீங்களோ அந்த எண்ணால வகுத்துப் பாருங்க. ஒரு உதாரணம்:

- 1,500 ரூபாய் கேரியர். தோள் வலிக்குதுன்னு 15 தடவையோட மூலையில போட்டாச்சு. ஒரு தடவைக்கு 100 ரூபாய்.
- 4,500 ரூபாய் கேரியர். வாரம் நாலு நாள், ஒரு வருஷம்னா சுமார் 200 தடவை. கடைசியில 1,500 ரூபாய்க்கு வித்துட்டா நிகரச் செலவு 3,000. ஒரு தடவைக்கு 15 ரூபாய்.
- அதே 4,500 ரூபாய் கேரியரை 10 தடவை மட்டும் கட்டினா? வித்த காசைக் கழிச்சாலும் ஒரு தடவைக்கு 300 ரூபாய்!

விலை குறைஞ்சது லாபமும் இல்ல, விலை கூடினது தரமும் இல்ல. உங்க பழக்கம்தான் செலவைத் தீர்மானிக்குது. அதனால சொந்தக்காரங்ககிட்டயோ பக்கத்து வீட்லயோ ஒண்ணு இரவல் வாங்கி ஒரு வாரம் கட்டிப் பாருங்க. கணவரும் கட்டணும். ரெண்டு பேருக்கும் அளவு சரியா வர்ற மாடல்தான் நிறைய தடவை பயன்படும்.

எந்த வகை யாருக்கு?

*ரிங் ஸ்லிங்:* ஒரு நீளத் துணி, ரெண்டு வளையம். கட்டுறது சீக்கிரம், துவைக்கிறது சுலபம். பாரம் ஒரு தோள்லயே விழும். அரை மணி நேர வேலைக்கு ஓகே. வீட்லயே தைக்கறவங்க திரைச்சீலை வளையம், சாவி வளையம் போடவே கூடாது. இதுக்குன்னே விக்கிற, ஒட்டு இல்லாத அலுமினிய வளையம்தான் வேணும்.

*ராப்:* நாலரை, அஞ்சு மீட்டர் துணியை உடம்போட சுத்திக் கட்டுறது. கெட்டியா நெய்த பருத்தித் துணின்னா பாரத்தைத் தாங்கும். சென்னிமலை, நெகமம்னு நம்மகிட்ட கைத்தறிக்குப் பஞ்சமில்ல. ஆனா நைந்த பழைய சேலையும், வழுக்குற சிந்தெடிக் சேலையும் வேண்டாம். பனியன் துணி மாதிரி இழுபடுற ராப் சின்னக் குழந்தைக்கு மட்டும்தான். எடை கூடினா தொங்கிடும், அதுல முதுகுல கட்டவும் கூடாது.

*பக்கிள் கேரியர்:* இடுப்பு பெல்ட் இருக்கறதால பாரம் இடுப்புக்கு இறங்கும். நீண்ட நேரம் நடக்க இதுதான் வசதி. உட்காரும் இடத்தோட அகலத்தைக் கூட்டிக் குறைக்க முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா ஒரே கேரியர் ரொம்ப மாசம் வரும். ஏப்ரல், மே வெயிலுக்குத் தடிமனான பாலியஸ்டர் பஞ்சை விட பருத்தியோ வலைத்துணியோ நல்லது.

காசை விட முக்கியமான விஷயம்

2010 மார்ச்ல அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஸ்லிங் பத்தி எச்சரிக்கை வெளியிட்டது. அதுக்கு முந்தின 20 வருஷத்துல ஸ்லிங் தொடர்பா குறைஞ்சது 14 குழந்தைகள் இறந்திருந்தாங்க. அதுல 12 பேர் நாலு மாசத்துக்குக் குறைஞ்சவங்க. அதே மாசம் இன்ஃபன்டினோ நிறுவனம் பை மாதிரி இருந்த சுமார் 10 லட்சம் ஸ்லிங்குகளைத் திரும்பப் பெற்றுக்கிட்டது.

காரணம் ரொம்ப சிம்பிள். பச்சைக் குழந்தைக்குக் கழுத்து நிக்காது. பை மாதிரி துணியில சுருண்டு படுத்தா தாடை நெஞ்சுல அழுந்தி மூச்சு வழி அடைக்கும். துணி மூக்கை மூடினாலும் அதே ஆபத்து. குழந்தையால சத்தமா அழக்கூட முடியாது. அதனால கட்டின உடனே இதைப் பாருங்க:

1. துணி இறுக்கமா இருக்கா?
2. முகம் எப்பவும் கண்ணுக்குத் தெரியுதா?
3. தலை, நீங்க குனிஞ்சு முத்தம் கொடுக்கற தூரத்துல இருக்கா?
4. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவுல ஒரு விரல் போற இடைவெளி இருக்கா?
5. முதுகு வளையாம தாங்கல் இருக்கா?

குறைமாசக் குழந்தை, எடை குறைவான குழந்தை, சளி, மூச்சுத் தொந்தரவு இருக்கிற குழந்தைன்னா டாக்டரைக் கேட்காம கட்டாதீங்க.

அடுத்து கால். அம்மச்சி இடுப்புல வெச்சுக்கும்போது குழந்தையோட தொடை விரிஞ்சு, முட்டி சப்பையை விடக் கொஞ்சம் மேல இருக்கும் பாருங்க, கேரியர்லயும் அப்படித்தான் இருக்கணும். இடுப்பு மூட்டு சரியா வளர்றதுக்கு அதுதான் நல்ல நிலை. குறுகலான கேரியர்ல கால் நேரா தொங்கும். விலை குறைவான பல மாடல்கள்ல மிச்சம் பிடிக்கிறது இந்த அகலத்துலதான்.

டூவீலருக்கு இது வேண்டவே வேண்டாம்

"கேரியர் இருந்தா பைக்ல போயிடலாம்"னு நினைச்சு வாங்கறவங்க நிறைய. கேரியர் நடக்கறதுக்குத்தான். கீழ விழுந்தா கட்டியிருக்கவங்க பாரம் மொத்தமும் குழந்தை மேலதான் இறங்கும். 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதிப்படி, நாலு வயசுக்குக் கீழ் உள்ள குழந்தையை டூவீலர்ல கூட்டிட்டுப் போனா ஓட்டுறவரோட இணைக்கிற பாதுகாப்பு பெல்ட் வேணும். ஒன்பது மாசத்துக்கு மேல ஹெல்மெட்டும் கட்டாயம். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த பெல்ட் வேற, கேரியர் வேற. கைக்குழந்தையோட போற அன்னிக்கு ஆட்டோவுக்கோ பஸ்சுக்கோ பட்ஜெட்ல தனியா கொஞ்சம் ஒதுக்கிடுங்க. கார்லயும் கேரியர் கார் சீட்டுக்கு மாற்று ஆகாது.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமா. பக்கிளைப் பத்து தடவை மாட்டிக் கழட்டுங்க. தையல், வளையம், துணி மூணையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. பிராண்ட் பேரும் எடை வரம்பும் போட்ட லேபிள் கிழிஞ்சிருந்தா, எவ்வளவு மலிவா இருந்தாலும் விட்டுடுங்க.

சுருக்கமா சொன்னா, குழந்தை வந்த பிறகு வாங்குங்க, இரவல்ல பழகிட்டு வாங்குங்க, மூச்சும் காலும் சரியா இருக்கற மாடலை மட்டும் வாங்குங்க. அதுக்கப்புறம் விலையைப் பேசலாம். வீட்ல குழந்தையை எதிர்பார்த்துட்டு இருக்கிற நண்பர்களுக்கு இதை ஷேர் பண்ணுங்க.