நாச்சாரம்: ஏறிய விலை யார் கணக்கில்?

ஹைதராபாத் மெட்ரோவில் ஹப்சிகூடா நிலையத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் நாச்சாரம் பக்கம்தான். ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை, என்.டி.ராமாராவ் கட்டிய ராமகிருஷ்ணா ஸ்டூடியோ, எச்.எம்.டி. நகர், பெரிய ஏரி எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போனால் தொழிற்பேட்டை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே லேத் ஓடிக்கொண்டிருக்கும். அதன் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் துணி காயும். அரை நூற்றாண்டுக்கு முன்பு இந்தப் பேட்டையை ஊருக்கு வெளியே என்று நினைத்துத்தான் வைத்தார்கள். ஊர் அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு உப்பல், செர்லபள்ளி என்று போய்விட்டது.

சென்ற வாரம் இலவச மின்சாரம் நிலத்தடி நீரை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்த்தோம். அங்கே பிரச்னை விலையே இல்லாதது. இந்த வாரம் எடுத்துக்கொள்ளும் விஷயத்தில் விலை இருக்கிறது. அதை யார், எந்த அளவுகோலால் நிர்ணயிப்பது என்பதுதான் தகராறு.

2025 நவம்பரில் தெலங்கானா அரசு 'ஹில்ட்' என்ற கொள்கையை வெளியிட்டது. ஹைதராபாத் தொழில் நிலங்களின் உருமாற்றக் கொள்கை என்பது அதன் முழுப் பெயர். வெளிவட்டச் சாலைக்கு உள்ளே இருக்கும் 22 தொழிற்பேட்டைகளுக்கு இது பொருந்தும். நாச்சாரம், உப்பல், மல்லாபூர், மௌலாலி, செர்லபள்ளி, ஜீடிமெட்லா, பாலாநகர், காட்டேதான் எல்லாம் அதில் அடக்கம். மொத்தப் பரப்பு ஏறத்தாழ 9,300 ஏக்கர். சாலை முதலியவற்றைக் கழித்தால் மனைகளாக இருப்பது 4,740 ஏக்கர் என்பது அரசின் கணக்கு. ஆலை நடத்துபவர் விரும்பினால் அந்த இடத்தில் வீடு, அலுவலகம், மருத்துவமனை, ஓட்டல் எது வேண்டுமானாலும் கட்டலாம். அதற்கு அரசுக்கு ஒரு கட்டணம் செலுத்த வேண்டும். மனைக்கு முன்னால் உள்ள சாலை 80 அடிக்குக் குறைவு என்றால் சார்பதிவாளர் அலுவலக வழிகாட்டி மதிப்பில் 30 சதவீதம். 80 அடியோ அதற்கு மேலோ என்றால் 50 சதவீதம். விண்ணப்பிக்க 6 மாதம் அவகாசம்.

இது 5 லட்சம் கோடி ரூபாய் நில ஊழல் என்று எதிர்க்கட்சியான பி.ஆர்.எஸ். முழங்கியது. அந்தக் கட்சி ஆட்சியில் இருந்தபோது, 2020-ல், இதே கிழக்குப் பகுதித் தொழிற்பேட்டைகளை ஐ.டி. பூங்காக்களாக மாற்ற 'கிரிட்' என்று ஒரு கொள்கை போட்டதை ஆளுங்கட்சி நினைவுபடுத்தியது. புகை கக்கும் ஆலைகள் ஊருக்குள் இருக்கக் கூடாது என்பதில் இரு தரப்புக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. லட்சம் கோடிகளின் சத்தத்தில் அமுங்கிப்போன கேள்வி ஒன்று உண்டு: நிலத்தின் பயன்பாடு மாறுவதால் ஒரே இரவில் கூடும் மதிப்பில் எத்தனை பங்கு யாருக்கு?

டேவிட் ரிக்கார்டோ 1817-லேயே இந்தக் கேள்வியைத் தொட்டுவிட்டார். தானிய விலை ஏறினால் நல்ல நிலத்துக்காரர் கூடுதலாக எதுவும் செய்யாமலே கூடுதலாகப் பெறுகிறார் என்றார். பொருளாதார வாடகை என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான். 1879-ல் அமெரிக்காவின் ஹென்றி ஜார்ஜ் ஒரு படி மேலே போனார். நகரம் வளர்ந்ததால் ஏறிய நில மதிப்பு நகரத்தாருக்குச் சொந்தம், அதன்மேல் மட்டும் வரி போடுங்கள் என்று வாதாடினார்.

நாச்சாரத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்பது எளிது. நாகோல்–அமீர்பேட்டை மெட்ரோ 2017 நவம்பரில் ஓடத் தொடங்கியது. 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையும் வந்துவிட்டது. இவை இரண்டையும் போல்ட் நட்டு செய்யும் ஆலை முதலாளி போடவில்லை. அவர் தொழிலுக்கென்று மலிவு விலையில் வாங்கிய மனையின் மதிப்பு மட்டும் ஏறியது. தொழில் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்ற விதி அந்த ஏற்றத்தைப் பூட்டி வைத்திருந்தது. ஹில்ட் அந்தப் பூட்டைத் திறக்கிறது. சாவிக்கு என்ன விலை?

அரசு தேர்ந்தெடுத்த அளவுகோல் வழிகாட்டி மதிப்பு. தமிழ்நாட்டு வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2017 ஜூனில் சென்னையில் ஓர் ஆணையால் மாநிலம் முழுக்க வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைந்தது. 2023 ஏப்ரலில் இன்னொரு நடவடிக்கையால் பழைய இடத்துக்கே ஏறியது. இடையில் நிலம் அங்கேயேதான் கிடந்தது. பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்று வீடு வாங்கிய யாருக்கும் தெரிந்த கதை இது.

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். ஓர் ஏக்கர் தொழில் மனையின் சந்தை விலை 10 கோடி, வழிகாட்டி மதிப்பு 8 கோடி என்று வைத்துக்கொள்வோம். குடியிருப்பு கட்டலாம் என்றானதும் அது 30 கோடிக்குப் போகிறது. ஆதாயம் 20 கோடி. அரசுக்குப் போகும் 30 சதவீதக் கட்டணம் 2.4 கோடி. காதுக்கு 30 சதவீதம் என்று கேட்டாலும், ஏறிய மதிப்பில் அது 12 சதவீதம்தான். 50 சதவீதக் கட்டணம் என்றாலும் 20 சதவீதத்தைத் தாண்டாது. எண்கள் மனைக்கு மனை மாறும். ஆனால் ஆதாயத்தின்மேல் விழ வேண்டிய கட்டணத்தை ஆதாயத்தோடு சம்பந்தமில்லாத ஒரு பதிவேட்டு எண்ணின்மேல் போட்டால், எங்கே ஆதாயம் அதிகமோ அங்கே அரசின் பங்கு குறையும்.

அந்த 80 அடி விவகாரம் தனிச் சுவையானது. மேலே சொன்ன மனையின் சாலை 79 அடி என்றால் 2.4 கோடி, 80 அடி என்றால் 4 கோடி. ஓர் அடிக்கு 1.6 கோடி! வரி விதிப்பில் இப்படிப் படிக்கட்டு வைத்தால் எல்லாரும் கீழ்ப்படியில் வந்து நெருக்கிக்கொண்டு நிற்பார்கள் என்பது பல நாட்டு அனுபவம். நாடாவைப் பிடித்து அளப்பவர் எந்த முனையிலிருந்து அளக்கிறார் என்பதற்கே ஒரு விலை உண்டாகிவிடும். அகலம் கூடக் கூட விகிதமும் சிறிது சிறிதாக ஏறும்படி வைத்திருந்தால் இந்தச் சபலத்துக்கு இடமில்லை.

கட்டணத்தை உயர்த்தினால் வீட்டு விலை ஏறிவிடும், நடுத்தரக் குடும்பத்தின் தலையில்தான் விழும் என்று கட்டுமானத் துறையினர் வழக்கமாகச் சொல்வார்கள். சிமென்ட் விலை விஷயத்தில் இந்த வாதத்துக்கு ஓரளவு இடமுண்டு, நிலத்துக்கு இல்லை. நாச்சாரத்தில் ஒரு ஃபிளாட் என்ன விலைக்குப் போகும் என்பதை உப்பலிலும் தார்நாகாவிலும் கிடைக்கும் ஃபிளாட்டுகள் நிர்ணயிக்கின்றன. பில்டர் அந்த விலையிலிருந்து கட்டுமானச் செலவு, லாபம், கட்டணம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் நிலக்காரருக்குக் கொடுப்பார். ஆகவே கட்டணம் பெருமளவு நிலக்காரரின் பங்கிலிருந்தே கழியும். ஓர் எல்லை உண்டு: கட்டணம் ஆதாயத்தையே விழுங்கினால் யாரும் மாற்ற மாட்டார்கள், ஷெட்டுகள் பூட்டியபடியே கிடக்கும். அந்த எல்லை எங்கே என்று செயலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிப்பது கடினம்.

கண்டுபிடிக்கும் கருவி ஏலம். அது ஹைதராபாத்துக்குப் புதிதல்ல. 2025 அக்டோபரில் ராயதுர்கத்தில் அரசு நிலம் 7.67 ஏக்கர் ஏலத்துக்கு வந்தது. ஆரம்ப விலை ஏக்கருக்கு 101 கோடி, முடிந்த விலை 177 கோடி. அதிகாரிகள் நினைத்ததற்கும் சந்தை தரத் தயாராக இருந்ததற்கும் இடைவெளி ஏக்கருக்கு 76 கோடி. அது அரசு நிலம், நாச்சாரத்து மனை தனியாருடையது, அதை எப்படி ஏலம் விடுவது என்று கேட்கலாம். நிலத்தை விட வேண்டாம், அனுமதியை விடலாம். பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரம் 2004 முதல் இதைச் செய்கிறது. குறிப்பிட்ட பகுதிகளில் கூடுதலாகக் கட்டும் உரிமையைச் சான்றிதழ்களாக அச்சிட்டுப் பங்குச் சந்தையில் ஏலம் விடுகிறார்கள். வரும் பணம் அதே பகுதியின் சாலைக்கும் பாலத்துக்கும் ஏழைகள் குடியிருப்புக்கும் போக வேண்டும் என்பது விதி.

பணமாகத்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. டெல்லியில் எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் ஆலைகளை வெளியேறச் சொன்னபோது, காலியாகும் நிலத்தையே பங்கு போட்டது. சிறு மனைகளுக்கு விலக்கு. அதற்கு மேல் 5 ஹெக்டேர் வரை இருந்தால் 57 சதவீத நிலத்தை டெல்லி வளர்ச்சி ஆணையத்திடம் பசுமைக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் ஒப்படைக்க வேண்டும். 10 ஹெக்டேருக்கு மேல் 68 சதவீதம். மிச்ச நிலத்தில் வழக்கமாக அனுமதிக்கப்படும் அளவைப்போல் ஒன்றரை மடங்கு கட்டிக்கொள்ளலாம். இடம் மாறும் ஆலையோடு போகும் தொழிலாளிக்கு ஓராண்டுச் சம்பளம் இடமாற்ற ஊக்கத்தொகை.

மும்பையின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. தத்தா சாமந்த் தலைமையில் 1982-ல் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பின் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1991 விதி, ஆலை நிலத்தை மூன்று பங்காக்கியது: ஒன்று திறந்தவெளிக்காக மாநகராட்சிக்கு, ஒன்று வீட்டுவசதி வாரியத்துக்கு, ஒன்று முதலாளிக்கு. 2001-ல் சத்தமில்லாமல் ஒரு திருத்தம் வந்தது. கட்டடம் இல்லாத காலியிடத்துக்கு மட்டுமே பங்கீடு பொருந்தும் என்றது. ஆலை என்றாலே கட்டடம்தானே? பொதுப் பங்கு சுருங்கிப்போனது. வழக்கு 2006-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், திருத்தம் செல்லும் என்று முடிந்தது. ஒரு சொற்றொடரில் இருந்தது நூற்றுக்கணக்கான ஏக்கர்.

ஆலைகளை அகற்றச் சொல்லும் காரணம் மாசு. செர்லபள்ளி, மல்லாபூர் பக்கம் இரவில் ரசாயன நெடி வருகிறது என்று குடியிருப்போர் புகார் செய்வது பழகிப்போன செய்தி. புகார் நியாயமானது. ஆனாலும் யார் முதலில் வந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். இதே சிக்கலை 1879-ல் லண்டன் நீதிமன்றம் சந்தித்தது. மிட்டாய்க்காரர் ஒருவர் பல ஆண்டுகளாக உரலில் இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மருத்துவர் சுவரை ஒட்டிப் புதிதாக ஆலோசனை அறை கட்டிக்கொண்டு, சத்தம் தாங்கவில்லை என்று வழக்குப் போட்டு ஜெயித்தார். ரொனால்ட் கோஸ் 1960-ல் இந்த வழக்கை எடுத்துப் பிரித்துப் போட்டார். தீங்கு ஒருவழிப் பாதை அல்ல, மிட்டாய்க்காரரைத் தடுத்தால் அவருக்குத் தீங்கு, தடுக்காவிட்டால் மருத்துவருக்குத் தீங்கு. இருவரும் பேரம் பேசிக்கொள்ள முடிந்தால், உரிமை யாரிடம் என்று தீர்ப்பு வந்தாலும் அந்தச் சுவரின் இரு பக்கத்துக்கும் சேர்த்து எது லாபமோ அதில்தான் வந்து நிற்பார்கள்.

பேரம் பேச முடிந்தால்! நாச்சாரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரு பக்கம், எந்த ஆலையிலிருந்து நெடி வந்தது என்றே தெரியாத நிலை இன்னொரு பக்கம். அதனால்தான் அரசு தலையிடுகிறது, அது சரிதான். ஆனால் ஹில்ட் கட்டாயமல்ல, விருப்பம். அப்படியானால் முதலில் விண்ணப்பிப்பவர் அதிகம் மாசுபடுத்துபவராக இருக்க வேண்டிய அவசியமில்லை, அதிக விலை போகும் மனைக்காரராக இருப்பார். நெடி கிளப்பும் ஆலை உள்சந்தில் இருந்தால் அங்கேயே இருக்கும். மெயின் ரோட்டில் சத்தமில்லாமல் பிஸ்கட் பெட்டி அடுக்கும் குடோன் முதலில் கிளம்பும். மாசுக்குத் தனிக் கட்டணம் வைத்திருந்தால் வரிசை தலைகீழாகியிருக்கும்.

இன்னொரு கணக்கு எந்த அரசாணையிலும் வராது. ஆல்பிரட் மார்ஷல் 1890-லேயே தொழில்கள் ஏன் ஒரே இடத்தில் கூடுகின்றன என்று எழுதினார். கோவை கணபதியிலோ பீளமேட்டிலோ பட்டறை வைத்திருப்பவருக்கு மார்ஷல் தேவையில்லை. ஒரு ஷாஃப்ட் லேத்தில் கடைசலாகி, அடுத்த தெருவில் ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்து, இன்னொரு ஷெட்டில் கிரைண்டிங் ஆகி, முலாம் போட்டு வர வேண்டும். நான்கும் நடந்து போகும் தூரத்தில் இருந்தால் காலையில் வந்த ஆர்டர் மாலையில் டெம்போவில் ஏறும். இ.சி.ஐ.எல். போன்ற பெரிய நிறுவனங்களை நம்பி குஷாய்கூடா, மல்லாபூர், நாச்சாரம் வட்டாரத்தில் வளர்ந்த ஜாப் ஒர்க் கடைகளின் பலம் இந்த நெருக்கம்தான். லேத்காரர் வெளிவட்டச் சாலைக்கு அப்பால் போய், முலாம்காரர் தொழிலையே விட்டுவிட்டால், கிரைண்டிங்காரர் இருந்த இடத்திலேயே இருந்தாலும் பாதி வேலையை இழப்பார்.

அதோடு, இந்தப் பட்டறைகளில் பல வாடகை ஷெட்டுகள். நிலப் பயன்பாட்டை மாற்ற விண்ணப்பிப்பவர் மனைக்குச் சொந்தக்காரர், ஆதாயமும் அவருக்கு. காலி செய்யும் நோட்டீஸ் வாடகைக்காரருக்கு. கனமான லேத்தைப் பெயர்த்து, லாரியில் ஏற்றி, புதிய இடத்தில் கான்கிரீட் மேடை போட்டு நிறுத்தி, மட்டம் பார்த்து, மூன்று ஃபேஸ் இணைப்பு வாங்கும் செலவு அவருடையது. புதிய இடத்துக்குத் தினமும் வந்து போக முடியாத ஆபரேட்டரை இழப்பதும் அவரே. டெல்லித் தீர்ப்பு தொழிலாளிக்கு ஒரு தொகையாவது எழுதி வைத்தது. கட்டணமாக வரும் கோடிகளில் ஒரு பங்கை வாடகைப் பட்டறைகளின் இடமாற்றத்துக்கென்று ஒதுக்குவது அரசுக்கு எட்டாத காரியமல்ல. கொள்கையை எதிர்த்து உயர் நீதிமன்றம் போன பொதுநல வழக்குகளின் முடிவு எப்படி இருந்தாலும், அந்த ஒதுக்கீட்டை ஒரு திருத்த ஆணையிலேயே சேர்க்கலாம்.

(தொடரும்)