சொக்கட்டான் மண்டபமும் கணினிப் பூங்காவும்

இராமேசுவரம் கோயிலில், மேலக்கோபுர வழி மூன்றாம் பிரகாரத்தைக் குறுக்கே வெட்டும் இடத்துக்குச் சொக்கட்டான் மண்டபம் என்று பெயர். அதன் அமைப்பு சொக்கட்டான் பலகை போல இருப்பதால் வந்த பெயர் அது. கட்டடத்துக்கு ஆட்டத்தின் பெயரை வைத்தார்கள் அன்றைக்கு. இன்றைக்கு ஆட்டத்துக்குள்ளேயே கட்டடம் எழுப்புகிறார்கள். 1999-ல் கிறிஸ் சாயர் உருவாக்கிய ‘ரோலர்கோஸ்டர் டைக்கூன்’ ஒரு கேளிக்கைப் பூங்காவை நடத்தும் கேம். ராட்டினம் போட வேண்டும், டிக்கெட் விலை வைக்க வேண்டும், மழை வந்தால் குடை விலையை ஏற்றி விற்றுக்கொள்ளலாம் (அப்போதும் வாங்குவார்கள்). 2002-ல் வந்த இரண்டாம் பாகத்தில் சுவர்த் துண்டையும் கூரைத் துண்டையும் அடுக்கிச் சொந்தமாகக் கட்டிக்கொள்ள வழி பிறந்தது. 2016-ல் வந்த ‘பிளானட் கோஸ்டர்’ துண்டுகளை வேண்டிய கோணத்தில் திருப்பவும், ஒன்றுக்குள் ஒன்றைப் புதைக்கவும் விட்டது. ராட்டினத்தை மறந்து கட்டடத்திலேயே மூழ்கிப்போனவர்கள் அதன் பிறகு ஏராளம். அந்த கேமுக்கு 2018-ல் உலகக் கண்காட்சித் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. பத்து நாடுகளின் பாணிகள் அதில் உண்டு. மொராக்கோ உண்டு, மெக்சிகோ உண்டு, இந்தியா இல்லை. ஆக, சேதுச் சீமை எனப்படும் இராமநாதபுரம் வட்டாரத்தின் சாயலில் ஒரு கட்டடம் வேண்டும் என்கிற பிள்ளை, பிற நாட்டுத் துண்டுகளைக் கோத்துத்தான் அதைச் செய்தாக வேண்டும்.

அப்படி இறங்குகிறவர் முதலில் கை வைக்க நினைப்பது கோபுரத்தில்தான். அதுதான் தவறான தொடக்கம் என்பது என் கட்சி. ஒரு கட்டடத்தின் வெளிக்கோட்டை எடுத்து வைப்பது ஒரு வகை. அது எந்த முறையில் அடுக்கப்பட்டது என்பதைக் கற்று அந்த முறையில் புதிதாகக் கட்டுவது வேறு வகை. இரண்டுக்கும் இந்தக் கடற்கரையிலேயே சாட்சி இருக்கிறது. முதல் வகைக்கு, பேக்கரும்பில் 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்ட அப்துல் கலாம் நினைவிடம். வாசல் டெல்லி இந்தியா கேட்டைப் பார்த்துச் செய்தது. குவிமாடம் குடியரசுத் தலைவர் மாளிகையைப் பார்த்துச் செய்தது. அந்த மாளிகைக் குவிமாடமே சாஞ்சி ஸ்தூபியின் சாயல் என்பார்கள். கல் ஜெய்சல்மேரிலிருந்தும் ஆக்ராவிலிருந்தும் வந்தது, முன்கதவு தஞ்சாவூரிலிருந்து வந்தது. தீவில் பிறந்தவர் டெல்லி மாளிகைக்குப் போன கதையை அந்த வடிவம் ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. நினைவிடத்துக்கு அது பொருந்தும். ஆனால் இராமேசுவரத்தில் வீடு எப்படிக் கட்டுவார்கள், நிழலை எப்படிப் பிடிப்பார்கள் என்று அதைப் பார்த்து யாரும் தெரிந்துகொள்ள முடியாது.

இரண்டாம் வகைக்குக் கீழக்கரை போக வேண்டும். வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 17-ம் நூற்றாண்டு ஜும்மா பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. உள்ளே வரிசையாகக் கல்தூண்கள், தூணின் தலையில் போதிகை, போதிகை மேல் உத்தரம், அதன்மேல் தட்டையான கல் கூரை. கோயில் மண்டபத்தில் கை பழகியவர்களின் முறைதான். உருவங்கள் மட்டும் இல்லை. அவை இருந்திருக்கக்கூடிய இடத்தில் பூவும் கொடியும் கணக்கு வடிவங்களும் நிற்கின்றன. தொழுகைக்கு விரிந்த இடம் வேண்டும், கூரை வேண்டும், உருவம் கூடாது. இந்த மூன்று தேவைக்கும் பழைய துண்டுகளே போதும் என்று யாரோ ஒரு கல்தச்சர் கண்டிருக்கிறார். இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் அதே தூண் முறை தர்பார் மண்டபமாகி, இந்தச் சீமையை ஆண்ட சேதுபதிகளின் போரையும் பொழுதுபோக்கையும் தீட்டிய சுவர்களுக்கு நடுவே நிற்கிறது. ஒரே துண்டுகள் கோயிலாகவும் பள்ளிவாசலாகவும் கொலுமண்டபமாகவும் ஆகியிருக்கின்றன. பிளானட் கோஸ்டர் கேட்கும் திறமையும் இதுதானே?

ஒரே ஒரு தூணை எடுத்துக்கொள்வோம். அடியில் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, மேலே மறுபடி சதுரம், அதற்கு மேல் பூமொட்டுத் தொங்கும் போதிகை. கல்தச்சர் சதுரக் கல்லின் நான்கு முனைகளையும் சீவி எட்டுப் பட்டையை வெளியே கொண்டுவருகிறார். கேமில் உளி கிடையாது; எதையும் செதுக்க முடியாது, சேர்க்க மட்டும்தான் முடியும். ஒரு சதுரக் கட்டையை 45 பாகை திருப்பி இன்னொன்றுக்குள் சொருகினால் எட்டு முனை நட்சத்திரம் வரும். தள்ளி நின்று பார்த்தால் பட்டை போலத் தெரியும். வேண்டாத பகுதியைப் பக்கத்துத் துண்டுக்குள் புதைத்து மறைக்க வேண்டும். அதாவது சீவுவதற்குப் பதில் ஒளிப்பது. மொட்டுக்கு ஏதாவது விளக்கின் அடிப்பாகத்தைத் தலைகீழாக வைத்தாலும் ஒப்பேறும். இப்படி ஒரு தூணைச் செய்து முடித்தவருக்கு, போதிகை அழகுக்காக மட்டும் வைத்ததில்லை, உத்தரத்தின் பாரத்தை அகலமாக ஏந்தத்தான் கை நீட்டுகிறது என்பது தானாகவே விளங்கிவிடும்.

அந்தத் தூணை எங்கே நிறுத்துவது? ராட்டினத்துக்கு ஆட்கள் காத்து நிற்கும் வரிசையில். இராமேசுவரம் கோயில் மூன்றாம் பிரகாரத்தின் 1212 தூண்களும் தரையில் நேரடியாக நிற்கவில்லை. ஏறத்தாழ மார்பளவு மேடைமேல் நிற்கின்றன. நடக்கிறவர் தாழ்வில் போகிறார், தூண் அவர் நெஞ்சுக்கு நேரே தொடங்கி மேலே ஓடுகிறது. உள்ள உயரத்தைவிட அதிகமாகத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். கேமில் பாதையைச் சற்றே பள்ளத்தில் இறக்கினால் இதே வித்தை பலிக்கும். வரிசையோரம் வேலைப்பாடு இருந்தால் காத்திருப்பவர்களின் சலிப்பு குறையும் என்று கேமும் கணக்கு வைத்திருக்கிறது. வெயிலடிக்கும் தீவில் நெடுந்தூரம் நிழலில் கூட்டத்தை நடத்திச் செல்ல எழுந்த பிரகாரத்துக்கு, பூங்கா வரிசை தூரத்துச் சொந்தம்தான்.

இதற்கு மறுப்பு வரும். இத்தனை தூண் வைத்தால் கணினி திணறும் என்பார்கள். உண்மை. ஆனால் டிஸ்னிலாந்து 1955-ல் திறந்தபோதே மெயின் ஸ்ட்ரீட் கட்டடங்களின் மேல்மாடிகளைச் சிறிய அளவில் கட்டி உயரமாகக் காட்டினார்கள். தூரத்துத் தூண்களைக் குட்டையாக்கி இடைவெளியையும் குறுக்கினால் முப்பது தூணே முந்நூறாகத் தெரியும். கோயிலைக் கேளிக்கையில் கொண்டுபோய் வைக்கலாமா என்பது கனமான கேள்வி. கருவறையையும் தெய்வ உருவையும் வைக்கக் கூடாது என்றே நானும் சொல்வேன். தூணும் போதிகையும் அப்படியல்ல. அவற்றை அரண்மனையும் பள்ளிவாசலும் முன்பே எடுத்தாண்டுவிட்டன. கோபுரம் இல்லாவிட்டால் எந்த ஊரென்று வெளிநாட்டார் எப்படி அறிவார் என்பதுதான் மிச்சம். ஒருவேளை அறிய மாட்டார். இராமநாதபுரத்துக்காரர் அறிந்தால் எனக்குப் போதும்.

இந்த விடுமுறையில் கேமைத் திறக்கப்போகும் பிள்ளைகள் அதற்கு முன் ஒரு நாள் கீழக்கரைக்குப் போய் வாருங்கள். இராமநாதபுரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள்தான். பள்ளிவாசலில் அனுமதி கேட்டுக்கொண்டு, ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் எத்தனை அடி என்று அளந்து நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள்.