பல் மருத்துவரின் அறையில் காற்று

2020 மார்ச் 15 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் ஒரு படம் வெளியிட்டது. எந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குக் கொரோனா தொற்றும் ஆபத்து அதிகம் என்று காட்டும் படம் அது. செவிலியர்களையும் ஆம்புலன்ஸ் ஊழியர்களையும் தாண்டி, உச்சியில் நின்றவர்கள் பல் மருத்துவர்களும் பற்களைச் சுத்தம் செய்யும் பணியாளர்களும்தான். மறுநாளே அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், அவசர சிகிச்சை தவிர மற்ற எல்லாவற்றையும் மூன்று வாரங்களுக்குத் தள்ளிவைக்கச் சொன்னது. இங்கிலாந்தில் மார்ச் 25 முதல் ஜூன் 8 வரை வழக்கமான பல் சிகிச்சை அடியோடு நின்றது.

அச்சத்துக்குக் காரணம் இருந்தது. சொத்தையைக் குடைய இன்று பயன்படும் ஏரோட்டர் 1957-ல் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. நிமிடத்துக்கு மூன்று லட்சம் தடவைக்கு மேல் சுழலும் கருவி. அந்த வேகத்தில் எழும் சூடு பல்லுக்குள் இருக்கும் உயிருள்ள திசுவைக் கருக்கிவிடும் என்பதால், கூடவே தண்ணீர் பீய்ச்சப்படுகிறது. அந்தத் தண்ணீர் எச்சிலோடும் ரத்தத்தோடும் கலந்து புகைபோல் கிளம்பும். பெரிய துளிகள் மருத்துவரின் முகத்திலும் நோயாளியின் மார்பிலும் விழுந்துவிடும். 50 மைக்ரானுக்கும் குறைந்த நுண்துளிகள் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். 1969-லேயே ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் பிரித்து அளந்து எழுதிவிட்டார்கள். ஆனால், தொழிலின் அன்றாட நடைமுறையை அந்த எச்சரிக்கை பெரிதாக மாற்றவில்லை.

மாற்றியது இன்னொரு நோய். 1980-களின் தொடக்கம் வரை பெரும்பாலான பல் மருத்துவர்கள் வெறுங்கையோடுதான் வாய்க்குள் வேலை செய்தார்கள். ஹெபடைடிஸ்-பி அவர்களைத் தொடர்ந்து தாக்கிவந்தபோதும் கையுறை பரவலாகவில்லை. எய்ட்ஸ் வந்த பிறகே நிலைமை மாறியது. 1986-ல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் பல் மருத்துவத்துக்கெனத் தனி விதிமுறைகள் வகுத்தது. 1990-ல் ஃபுளோரிடாவில் ஒரு பல் மருத்துவரின் நோயாளிக்கு அவரிடமிருந்தே ஹெச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. 1991 இறுதியில், ரத்தம் வழியே பரவும் நோய்களிலிருந்து ஊழியர்களைக் காப்பது அங்கே சட்டமானது. யாருக்கு என்ன நோய் என்று பார்த்தால் தெரியாது, எனவே எல்லாரிடமும் ஒரே எச்சரிக்கை என்பது மருத்துவர்களின் பழக்கமாயிற்று. கையுறை, முகக்கவசம், கண்ணாடி, கருவிகளை நீராவியால் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ் எல்லாம் பரவலானது அந்தப் பயத்தால்தான்.

கொரோனா வந்தபோது இந்தப் பழக்கம் கைகொடுத்தது. 2020 ஜூனில் அமெரிக்காவில் 2,195 பல் மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வில், தொற்றுக்கு ஆளானவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று தெரிந்தது. ஆபத்துப் படத்தின் உச்சியில் இருந்தவர்களுக்கு இந்த எண் கிடைத்தது சாதாரண விஷயமல்ல. எய்ட்ஸ் காலம் கையைக் காத்தது, ரத்தத்தைக் கவனித்தது; காற்றை விட்டுவைத்திருந்தது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் என்95 கவசமும், முகத்தடுப்பும், வாயருகிலேயே தண்ணீர்ப்புகையை இழுத்துக்கொள்ளும் வலுவான உறிஞ்சுகுழாயும் வந்தன. சிகிச்சைக்குரிய பல்லை மட்டும் வெளியே விட்டு வாயின் மற்ற பகுதியை மூடும் ரப்பர் டேம் 1864-லிருந்தே இருக்கிறது. அதையும் பலர் மீண்டும் கையில் எடுத்தார்கள். இங்கிலாந்தில் ஏரோட்டர் ஓடிய அறையை அடுத்த நோயாளி வரும்வரை ஒரு மணி நேரம் காலியாக விட வேண்டும் என்ற விதியும் இருந்தது.

பிறகு வந்த ஆய்வுகள் பயத்தைக் கொஞ்சம் தணித்தன. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பூர்ணிமா குமார் குழு 28 நோயாளிகளின் சிகிச்சையின்போது தெறித்த துளிகளைச் சேகரித்து ஆராய்ந்தது. அவற்றில் இருந்த நுண்ணுயிரிகளில் பெரும்பங்கு, கருவி பீய்ச்சிய தண்ணீரிலிருந்து வந்தவை. எச்சிலின் பங்கு மிகச் சிறியது. சிலருடைய எச்சிலில் கொரோனா வைரஸ் இருந்தும், தெறித்த துளிகளில் அது அகப்படவில்லை. 28 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். கவசம் கழற்றிய நோயாளி இருமினால் வரும் ஆபத்தையும் இது போக்கிவிடாது.

அந்தத் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்காலியோடு இணைந்த மெல்லிய குழாய்களில் தண்ணீர் தேங்கினால் உட்சுவரில் பாக்டீரியாக்கள் படலம்போல் படிந்து வளரும். 2011-ல் இத்தாலியில் 82 வயதுப் பெண்மணி ஒருவர் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவின் தொற்றால் இறந்தார். அது பல் மருத்துவமனையின் தண்ணீர்க் குழாயிலிருந்து வந்தது என்று உறுதியானது. பொதுமுடக்கத்தில் மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்த மருத்துவமனைகளின் குழாய்களிலும் தண்ணீர் தேங்கித்தான் கிடந்தது. திறக்கும் முன் குழாய்களைச் சுத்தம் செய்யும்படி எச்சரிக்கைகள் வந்தது அதனால்தான்.

பூட்டியதற்கான விலையை நோயாளிகள் கொடுத்தார்கள். 2020 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம், பரவல் அதிகமுள்ள இடங்களில் அவசரமற்ற பல் சிகிச்சையைத் தள்ளிவைக்கலாம் என்றது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் கடுமையாக மறுத்தது. பல் மருத்துவம் உடல்நலத்துக்கு இன்றியமையாதது என்ற அதன் வாதமே சரி என்று நினைக்கிறேன். சொத்தை தொற்றுநோய் ஓயட்டும் என்று காத்திருக்காது. புகையிலையும் பாக்கும் மெல்லும் நம் நாட்டில் வாய்ப்புற்றின் முதல் வெள்ளைத் திட்டைப் பார்ப்பவர் பெரும்பாலும் பல் மருத்துவர். 2021-ல் கொரோனாவிலிருந்து மீண்ட சர்க்கரை நோயாளிகளைக் கரும்பூஞ்சை தாக்கியபோது, ஆடும் பற்களும் கறுத்த மேலண்ணமும் அதன் அடையாளங்களாக இருந்தன. அந்த வாயைத் திறந்து பார்க்க ஒருவர் இருக்க வேண்டும்.

இப்போது என்95 கவசம் அணிவது குறைந்துவிட்டது. கட்டட விதிகள் காற்றோட்டத்தை வற்புறுத்தாத ஊர்களில், ஜன்னல் அடைத்த ஒற்றை ஏ.சி. அறைதான் பல மருத்துவமனைகளின் நிலை. எய்ட்ஸ் தந்த கையுறை நிலைத்தது; கொரோனா தந்த காற்றுப் பாடம் நழுவிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை நாற்காலியில் அமரும்போது, கருவிகள் இருக்கும் உறை உங்கள் கண்முன் பிரிக்கப்படுகிறதா, அறையின் காற்று வெளியே போக வழி இருக்கிறதா என்று கேளுங்கள். காய்ச்சலோ இருமலோ இருந்தால் போன் செய்துவிட்டுப் போங்கள். ஆனால் பல்வலியையும், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணையும் எந்தத் தொற்றுக்குப் பயந்தும் தள்ளிப்போடாதீர்கள்.